கடைமடையில் நின்று அளப்போம்

நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் ஒரு சிறு செய்தி வரும். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல். தலைப்புச் செய்திக்கு முன்பே இதைத் தேடிப் படிக்கிற பெரியவர்கள் நாஞ்சில் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். 48 அடி பேச்சிப்பாறையும் 77 அடி பெருஞ்சாணியும் வயலுக்கு உயிர். 25 அடி முக்கடல் நாகர்கோவில் நகரத்தின் குடிநீர். கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் செலவைத் தீர்மானிப்பது இந்த ஊருக்குப் பழக்கமான காரியம். மழை பெய்து அணையில் இத்தனை அடி ஏறினால்தான் கன்னிப்பூப் போகத்துக்கு நாற்றுப் பாவலாம் என்று கணக்குப் போட்டுப் பிழைத்தவர்கள் நாம்.

அதே ஊரில் ஒரு வயல் வீட்டு மனையாக மாறும்போது மட்டும் இந்தக் கணக்கு எங்கேயோ தொலைந்துவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,684 சதுர கிலோமீட்டர். அதில் கணிசமான பகுதி மலையும் காடும். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,70,374; சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நாகர்கோவிலில் மட்டும் 2,24,849 பேர் இருந்தார்கள். 2019-இல் நகராட்சி மாநகராட்சி ஆனது. இவ்வளவு நெருக்கமான இடத்தில் புதிய வீடுகளுக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் விளைகளும் மேடும் பள்ளமுமான தோட்டங்களும் இருக்கின்றன. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில், அதாவது பழைய நாஞ்சில் நாட்டில், சமதளம் என்றால் பெரும்பாலும் வயல். ஆகவே வீட்டுக்கான பசி வயலைத்தான் முதலில் தொடுகிறது.

சட்டப்படி ஒரு நன்செய் அப்படியே மனையாகிவிட முடியாது. இதைக் கட்டுப்படுத்துவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் விவசாய மண்டலமாகக் குறிக்கப்பட்ட நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக்க வேண்டுமென்றால் அந்தத் திட்டத்தையே திருத்த வேண்டும். நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். திட்டம் இல்லாத பகுதிகளுக்கென்று பின்னால் 47-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அங்கும் முன் இசைவு வேண்டும். இடையில் 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அன்று சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடியது பலருக்கு நினைவிருக்கும். பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது.

இந்தச் சட்டங்களெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, இந்த நிலத்தை மாற்றலாமா என்பது. இந்த நிலத்தைச் சுற்றியுள்ள ஊர் அதைத் தாங்குமா என்ற இரண்டாவது கேள்விதான் உண்மையில் பெரியது. குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின்சாரம், சாலை, பள்ளி, சுகாதார நிலையம், குப்பை: இவற்றின் தாங்குதிறனை அளப்பது ஓர் அறிவியல். அதற்குச் சூத்திரங்கள் இருக்கின்றன. கூட்டல் பெருக்கல் தெரிந்த எவரும் அதன் பெரும்பகுதியைச் செய்துபார்க்கலாம்.

கணக்குக்காக 10 ஏக்கர் வயலை எடுத்துக்கொள்வோம். 1,000 சென்ட். சாலைக்கும் பூங்காவுக்கும் மற்ற ஒதுக்கீடுகளுக்கும் போக 600 சென்ட் மிஞ்சும் என்று வையுங்கள். ஐந்து சென்ட் வீதம் 120 மனை. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்லும் அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். 480 பேருக்கு 64,800 லிட்டர். குழாயில் கசிந்து வீணாவதற்கு 15 சதவீதம் விட்டால் மேலிருந்து ஏறத்தாழ 76,000 லிட்டர் விட வேண்டும். ஊராட்சிப் பகுதி என்றால் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு 55 லிட்டர்தான். இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. நகரத்தை ஒட்டிய ஊராட்சியில் மனை போடும்போது 55 லிட்டர்க் கணக்கில் எல்லாம் சரியாக வரும். பத்து வருடத்தில் அந்த ஊர் மாநகராட்சியோடு சேர்ந்து, வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்த பிறகு தேவை இரண்டரை மடங்காகியிருக்கும். மண்ணுக்குள் கிடக்கும் குழாயின் விட்டமோ அன்று போட்டதுதான்.

64,800 லிட்டரை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்கு முக்கால் லிட்டர். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஒரு குடம் நிறைய அரை நிமிடம்கூட ஆகாத ஓட்டம். இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று தோன்றும். ஆனால் 24 மணி நேரமும் தண்ணீர் வருகிற ஊரில்தான் அந்த முக்கால் லிட்டர் செல்லும். அங்கும்கூட காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்துக்காகச் சராசரியை மூன்றால் பெருக்கச் சொல்கிறது கையேடு. நம் ஊர்களில் தண்ணீர் வருவது முறை வைத்து, சில மணி நேரம். அந்த 64,800 லிட்டரும் இரண்டு மணி நேரத்தில் வந்து தீர வேண்டும் என்றால் விநாடிக்கு 9 லிட்டர் ஓட வேண்டும். சராசரியைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

குழாய்க்குள் தண்ணீர் ஓடும்போது சுவரோடு உரசி அழுத்தத்தை இழக்கிறது. இந்த இழப்பு ஓட்டத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. ஒரே குழாயில் ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் இழப்பு சுமார் மூன்றரை மடங்காகும். நான்கு மடங்காக்கினால் பதின்மூன்று மடங்காகும். ஆகவே ஏற்கெனவே முக்கால்வாசித் திறனில் ஓடுகிற ஒரு தெருக் குழாயில் புதிதாக 120 வீட்டைச் சேர்த்தால், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறையும் என்று நினைப்பது தவறு. மேல்தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவுமே தெரியாது. குழாயின் கடைசியில், மேட்டில் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் நின்றே போகும், காற்று மட்டும் வரும். அந்த வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் குழாயில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார். உறிஞ்சும்போது குழாய்க்குள் வெளிக்காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகி, எங்கேனும் ஓட்டை இருந்தால் அதன் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். நோய் பரவும் பாதை அது.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இந்தப் பௌதிகத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் கடைமடை. பரளியாற்றுத் தண்ணீர் புத்தன் அணையிலிருந்து தோவாளைச் சானலிலும் அனந்தனார் சானலிலும் பிரிந்து போகிறது. தலைமடையில் இருப்பவனுக்கு எந்த வருடமும் பஞ்சமில்லை. ஆயக்கட்டில் ஓர் ஏக்கர் கூடினாலும், மேலே எவனாவது மடையைக் கொஞ்சம் அகலப்படுத்தினாலும், அடி விழுவது கடைமடையில். சானல் திறந்துவிட்டார்களா என்று இங்கே யாரும் கேட்பதில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்பார்கள். திறனை அளக்க வேண்டிய இடம் வாலா தலையா என்ற கேள்விக்கு இந்த ஊர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டது.

ஆனால் ஒரு மனைப்பிரிவுக்குக் குடிநீர் தர முடியும் என்று எழுதப்படுகிற கடிதம் பொதுவாகத் தலைமடையில் நின்று எழுதப்படுகிறது. தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு, இப்போது விநியோகம் இவ்வளவு, மீதம் இருக்கிறது, தடையில்லை. அந்த மனைப்பிரிவு சேர்ந்த பிறகு அதே குழாயின் கடைசி வீட்டில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்ட ஒரு வரி அதில் சேர்ந்தால் பல கடிதங்களின் முடிவே மாறும்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். முக்கடல் அணை திருவிதாங்கூர் அரசு காலத்தில், 1940-களில் கட்டியது. அதன் நீர்ப்பிடிப்பு சிறியது. கோடையில் அது மைனஸ் அடிக்குப் போய், அனந்தனார் சானல் தண்ணீரைப் பம்ப் செய்து நகரத்துக்குக் கொடுக்க வேண்டி வந்த வருடங்களை நாகர்கோவில்காரர்கள் மறக்கவில்லை. புத்தன் அணையிலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுவரும் பெரிய திட்டம் அம்ருத் திட்ட நிதியில் எடுக்கப்பட்டதே இதனால்தான். ஐப்பசியில் குளங்கள் மறுகால் பாயும்போது வந்து பார்க்கிற அதிகாரிக்கு எந்த மனைப்பிரிவும் சாத்தியமாகத்தான் தெரியும். வடிகாலைப் பொறுத்தவரை இது நேர் எதிர். சித்திரையில் வந்து பார்த்தால் காய்ந்த ஓடை தெரியும். இதில் தண்ணீர் எங்கே வரப்போகிறது என்று தோன்றும். ஆக, ஒரு நிலத்தின் தாங்குதிறனை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாது. குடிநீருக்குச் சித்திரையில் ஒரு முறை, வடிகாலுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வடிகாலைப் பற்றித்தான் எனக்கு மிக அதிகக் கவலை. குடிநீர் என்பது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய சேவை. வடிகாலோ அந்த வயல் இதுநாள்வரை ஊருக்குச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்த சேவை. மனையாக்கும்போது புதிய தேவை ஒன்று கூடுவதோடு பழைய சேவை ஒன்று நின்றும் போகிறது. இந்த இரண்டாவது பகுதியை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

அதையும் எண்ணிப் பார்ப்போம். 10 ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,470 சதுர மீட்டர். வயலில் பயிருக்காக 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஏற்கெனவே நிற்கிறது, வரப்பின் உயரத்தில் இன்னும் 10 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று வைப்போம். அந்தப் பத்து சென்டிமீட்டரில் 40 லட்சம் லிட்டர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்த வயலின் மேல் விழுவது 20 லட்சம் லிட்டர். வயல் அதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த வயலுக்கும் ஓடைக்கும் விடும். ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். இனி அங்கே கூரையும் சிமென்ட் முற்றமும் தார்ச்சாலையும் வந்துவிட்டன என்று வையுங்கள். விழுந்த மழையில் 60 சதவீதம் உடனே ஓடும் என்பது குடியிருப்புப் பகுதிக்கு மிதமான மதிப்பீடு. அதே ஒரு மணி நேரத்தில் 12 லட்சம் லிட்டர், விநாடிக்கு 340 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் நூறு, ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்துத் தெருவில் வந்து கவிழ்ப்பதற்குச் சமம்.

சிக்கல் மனையின் மேல் விழுந்த மழையோடு நிற்காது. வயலில் வீடு கட்டுபவர் சாலை மட்டத்துக்கு மேலே மண் அடிப்பார். பத்து ஏக்கரையும் ஒரு மீட்டர் உயர்த்த மூன்று யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 4,760 நடை மண் வேண்டும். அந்த மண்ணுக்கு எங்கேயோ ஒரு குன்று கரையும், அது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது, மேற்கே உயர்ந்த பகுதியிலிருந்து இறங்கி அந்தப் பள்ளத்தின் வழியாகப் பழையாற்றுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீருக்கு இனி வழி இல்லை என்பதுதான். நாஞ்சில் நாட்டுக் குளங்கள் தனித்தனி அல்ல. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்து. அந்தச் சங்கிலி பழையாற்றில் சேர்ந்து மணக்குடிக் காயலில் முடியும். நடுவில் ஒரு கண்ணியை மண்ணால் மூடினால் வெள்ளம் முதலில் நிற்பது புதிய மனையில் அல்ல. அதைவிடத் தாழ்வாக முப்பது வருடத்துக்கு முன் கட்டின வீடுகளில்தான். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் நாகர்கோவிலைச் சுற்றித் தண்ணீர் புகுந்த வீடுகளைப் பார்த்தவர்கள், இதற்குமுன் இங்கே தண்ணீர் வந்ததே இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

இன்னொரு சேவை மிக நுட்பமானது. வயலுக்கு நடுவே மனை விழுந்தால் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்குப் போகிற வாய்க்கால் அறுபடும். வயலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கைமாறுகிற ஊர் இது. கீழ் வயல்காரர் இரண்டு போகமும் இழந்து தரிசு போடுவார். ஐந்து வருடம் கழித்து அவருடைய நிலத்துக்கும் உபயோக மாற்றம் கேட்டு மனு போகும். பல ஆண்டுகளாகச் சாகுபடி இல்லை என்பதே அதில் காரணமாக இருக்கும். எழுதியது உண்மைதான். ஆனால் அந்தத் தரிசை உண்டாக்கியது முதல் அனுமதி. முதல் மனுவை ஆராய்ந்தபோது கீழ் வயல்களின் பாசனத்தையும் ஒரு பொதுச் சேவையாக எண்ணியிருந்தால் இரண்டாவது மனுவே பிறந்திருக்காது.

கழிவுநீருக்கு வருவோம். குடித்த, குளித்த தண்ணீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான அளவு. நம் 120 வீட்டிலிருந்து தினம் சுமார் 52,000 லிட்டர். பாதாளச் சாக்கடை எட்டாத இடத்தில் ஒவ்வொரு வீடும் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் போட வேண்டும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் தூரம் வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஐந்து சென்ட் மனை என்பது 2,178 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 14 மீட்டர்தான். ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் தோண்டினால் மட்டும் தூரம் 20 மீட்டரைத் தொடும். அப்போதும் அந்தக் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு எத்தனை மீட்டர்? வயல் மண்ணில் நிலத்தடி நீர் வேறு மேலேயே இருக்கும். மழைக்காலத்தில் உறிஞ்சு குழி உறிஞ்சாது, திருப்பிக் கொடுக்கும். ஆகவே இந்தக் கணக்கில் விடை தெளிவு. நன்செயில், ஐந்து சென்ட் மனையில், கழிவுநீர்க் குழாய் இல்லாமல், வீட்டுக்கு வீடு கிணறோ போர்வெல்லோ உள்ள குடியிருப்பை நிலம் தாங்காது. மனையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது மனைப்பிரிவுக்கே பொதுவான சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும், அல்லது பொதுக் குழாய் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்சாரம் ஒப்பீட்டளவில் எளிது. 120 வீட்டுக்கும் மூன்று கிலோவாட் இணைப்பு என்றாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக எரிப்பதில்லை. பாதி என்று எடுத்தால் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும், அதை வைக்க இடம் விட்டால் சரி. குப்பை, ஆளுக்கு 400 கிராம் வீதம் நாளுக்கு 190 கிலோ. வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையைச் சுவாசிக்கிற மக்களிடம் இன்னொரு 190 கிலோ சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பள்ளியும் சுகாதார நிலையமும் வேறு மாதிரியான சிக்கல். தண்ணீர்த் தேவை லிட்டர் லிட்டராகக் கூடும். பள்ளி அப்படிக் கூடாது. ஓர் எல்லையைத் தாண்டினால்தான் ஒன்று தேவைப்படும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாட்டின் அளவுகோல். தொடக்கப் பள்ளிக்கும் நகரமைப்பு வழிகாட்டி ஏறத்தாழ 5,000 பேர் என்றே சொல்கிறது. நம் மனைப்பிரிவில் 480 பேர்தான். இவர்களுக்காகப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது, எழுதினால் அது தவறும்கூட. அதே சாலையில் அடுத்தடுத்துப் பத்து மனைப்பிரிவு வந்தால் 4,800 பேர். ஒவ்வொன்றும் தனித்தனியாக விதிப்படி சரி. பத்தும் சேர்ந்த பிறகு அங்கே பள்ளிக்கு, அங்கன்வாடிக்கு, சுகாதார நிலையத்துக்கு ஒரு சென்ட்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. அப்போது நிலம் வாங்க நினைத்தால், வயலாக இருந்த விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். யாரும் விதியை மீறவில்லை, பிள்ளைகள் மட்டும் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள்.

மனுக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் உள்ள குறை இதுதான். இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அது நம் மாவட்டத்தில் தனிச் சிறப்பாகத் தெரியும். வளைகுடா நாடுகளில் உழைக்கிறவர்கள் சேமிப்பை மனையில் போடுகிறார்கள். கல் நட்டு, சாலை போட்டு, பத்து வருடமாகப் புல் முளைத்துக் கிடக்கிற மனைப்பிரிவுகளை ஆரல்வாய்மொழிப் பக்கமும் பார்க்கலாம், கன்னியாகுமரிச் சாலையிலும் பார்க்கலாம். இன்று அங்கே தண்ணீர்ச் செலவு சுழியம். ஆனால் அந்த ஒவ்வொரு மனைக்கும் அரசு ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டது. வீடு கட்டினால் இணைப்புத் தருவோம் என்ற வாக்கு அது. புதிய மனுவை ஆராய்பவர் இப்போதைய உபயோகத்தை மட்டும் கழித்து மீதம் இருக்கிறது என்றால், வட்டிக்கு வாங்கிய பணத்தை மறந்துவிட்டுப் பெட்டியை எண்ணுவது போலத்தான். மொத்தத் திறனிலிருந்து இன்றைய செலவையும் கழிக்க வேண்டும், கொடுத்த வாக்கையும் கழிக்க வேண்டும். மிஞ்சினால்தான் அடுத்த அனுமதி. ஒவ்வொரு குடிநீர்த் தொட்டிக்கும், ஒவ்வொரு ஓடைக்கும் இப்படி ஒரு பேரேடு வேண்டும். அதை எவரும் படிக்கும்படி மாநகராட்சி வாசலில் ஒட்ட வேண்டும். அணை நீர்மட்டத்தைத் தினமும் வெளியிட முடிகிற ஊரில் இது முடியாத காரியம் அல்ல.

உலகத்தில் இதை முயன்று பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராமப்போ என்ற ஊர் 1969-இல் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கழிவுநீர், வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் என்ற ஐந்துக்கும் புள்ளிகள். மனை போட விரும்புகிற இடம் 15 புள்ளி பெற்றால்தான் அனுமதி. புள்ளி போதாவிட்டால் ஊராட்சி வசதி செய்து தரும்வரை காத்திருக்கலாம், அல்லது தானே செலவழித்து வசதியை உண்டாக்கலாம். எங்கே எப்போது வசதி வரும் என்று 18 ஆண்டுக்கான திட்டத்தையும் ஊர் முன்கூட்டியே வெளியிட்டது. 1972-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஃபுளோரிடா மாநிலம் 1985-இல் இதையே சட்டமாக்கியது; வசதியும் வீடும் ஒரே காலத்தில் வர வேண்டும் என்றது. ராமப்போ 1983-இல் அந்த முறையைக் கைவிட்டது, ஃபுளோரிடா 2011-இல் சாலை, பள்ளி, பூங்கா விஷயத்தில் கட்டாயத்தைத் தளர்த்தியது. வீட்டு விலை ஏறுகிறது, ஏழைகள் ஊருக்குள் வர முடியாமல் போகிறது என்பது இந்த முறைகளின் மேல் வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்று சென்ட் வாங்கவே வாழ்நாள் முழுக்க உழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்கிற எந்தக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் முழங்கால் தண்ணீரில் நிற்கிற வீட்டை, குழாயில் காற்று வருகிற வீட்டை விற்றுவிட்டுப் போவதில் முதலில் ஏமாறுகிறவர்களும் அவர்கள்தான். எங்கே தாங்கும் என்று கண்டுபிடித்து அங்கே வீடு கட்ட வழி செய்வதற்காகவே இந்த அளவு தேவைப்படுகிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2008 முதல் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஊராட்சிதோறும் எது வயல் என்று ஒரு தரவு வங்கி உண்டு. அதில் பிழைகளும் வழக்குகளும் நிறைய. இருந்தாலும் எது வயல் என்று பொதுவெளியில் ஒரு பட்டியல் இருப்பதே பெரிய விஷயம். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் அந்தப் பக்கம்தான் இருந்தோம். வயலையும் குளத்தையும் பற்றிய நம் பட்டியல் எங்கே?

சுசீந்திரம் தேரூர் குளத் தொகுதியும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அந்தக் குளங்களுக்கு உலக அங்கீகாரம் கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் குளத்துக்கு வரும் தண்ணீர் சுற்றியுள்ள வயல்களின் வழியாகத்தான் வருகிறது. வயலின் கழிவு நீரும் குளத்தின் மறுகால் நீரும் வயலுக்கே திரும்புகின்றன. குளத்தை மட்டும் காத்து, சுற்றி உள்ள வயலை ஒவ்வொரு மனுவாக விட்டுக்கொடுத்தால், பறவைகள் வந்து இறங்க ஒரு கான்கிரீட் தொட்டிதான் மிஞ்சும்.

நில உபயோக மாற்றத்துக்கான அறிவிப்பு நாளிதழில் சின்ன எழுத்தில் வரும். கிராமத்தின் பெயர், புல எண், பரப்பு, ஆட்சேபணை இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்று இருக்கும். அணை நீர்மட்டத்தைப் படிக்கிற அதே அக்கறையோடு அதையும் படியுங்கள். அந்தப் புல எண் உங்கள் தெருக் குழாய்க்கு மேல்மடையா கீழ்மடையா, உங்கள் ஊர்த் தண்ணீர் வடிகிற ஓடையில் அது இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். சென்ற ஐப்பசியில் அங்கே எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும், மனுவைப் பார்க்கிற அலுவலருக்குத் தெரியாது. சித்திரையில் கடைசி வீட்டுக் குழாயில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து எண்ணி, தேதியோடு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கு வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம்.